பாவில் ஒரு யூ, சாவில் ஒரு டபிள்யூ

கோவில்பட்டி
6-12-2024

அன்புள்ள சுதாவுக்கு,

அக்கா எழுதுவது. முட்டு வலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உன் வீட்டுக்காரரின் இருமல் நின்றதா? கோயம்புத்தூர்க் குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்.

முதலில் ஒரு திருத்தம். என் மருமகள் கிருஷ்ணப்ரியாவின் பரிசோதனை முடிவை நான் நம் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து ஊரெல்லாம் சொல்லிவிட்டேன் என்று ஒரு பேச்சு நடக்கிறது. தவறு. நான் திறக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அவள் உண்டாகியிருக்கும் செய்தியை எனக்குச் சொன்னதே உன் சம்பந்தி மீனாட்சியம்மாள்தான். கழுகுமலை பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஆஸ்பத்திரியில் என் அறைக்கு வந்து, "மைனி, ஏழு வருசம் கழிச்சு நல்ல சேதி. ஒரு வார்த்த சொல்லாம இருந்துட்டீயளே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் எல்லாம் தெரிந்தவள்போல் சிரித்து வைத்தேன்.

மூன்று மாதம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று யோகராஜும் ப்ரியாவும் மூடி வைத்திருந்தார்களாம். நல்லது. கழுகுமலைக்குத் தெரிந்திருக்கிறது, பெற்ற தாய்க்குத் தெரியவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் யார் எந்த நோயாளியின் கோப்பை எப்போது திறந்தார் என்பதை மெஷினே குறித்து வைக்கிறது. ஐப்பசித் திருக்கல்யாணத்தன்று காலை பதினொரு மணி வாக்கில், என் பெயரில், ப்ரியாவின் கோப்பு திறக்கப்பட்டது என்று அது சொல்கிறது. கடைசியில் தெரிந்துகொண்டவள் நான். முதலில் திறந்து பார்த்தவளும் நானா என்று யோகராஜிடம் கேட்டேன். "விடுங்கம்மா" என்றான். அந்த 'விடுங்கம்மா'வைத்தான் என்னால் விட முடியவில்லை.

அன்று காலை பத்துக்கெல்லாம் நான் கோயிலுக்குப் போய்விட்டேன். உனக்குத்தான் தெரியும். திருக்கல்யாணத்துக்கென்று வந்திருந்த நீ, தலை சுற்றுகிறது என்று என் அறையிலேயே படுத்துவிட்டாய். உனக்குக் குங்குமம் கொண்டு வந்து கொடுத்தேன். நாம் இருவரும் மத்தியானம் சேர்ந்து போனோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் எத்தனை மணிக்குக் கிளம்பினேன் என்று அவனுக்கு இரண்டு வரி எழுது. நான் சொன்னால் அது சாக்கு. நீ சொன்னால் சாட்சி.

போனில் வேண்டாம். என் அறைக்கும் கவுண்ட்டருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான் இருக்கிறது.

உன் அக்கா,
சொர்ணத்தாய்


கோயம்புத்தூர்
14-12-2024

அன்பு அக்காவுக்கு,

சுதா. இவருக்கு இருமல் தேவலை. என் பேரன் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று இங்கே வந்து தூங்குகிறான்.

நீ பாட்டி ஆகப் போகிறாய். அதை விட்டுவிட்டு மெஷின், மணி என்று எழுதியிருக்கிறாய். ப்ரியா ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குப் போன் செய்கிறாள். வாயில் எதுவும் தங்கவில்லையாம், மோர் மட்டும் இறங்குகிறதாம். அவளைத் திட்டாதே. புளி வாசனை வராமல் பார்த்துக்கொள்.

இப்போதும் யார் தாளில் எழுதுகிறார்கள் என்று பேரன் கேலி செய்கிறான். கான்வென்ட்டில் ஞாயிறுதோறும் வீட்டுக்கு எழுத வைத்த பழக்கம், எங்கள் இருவருக்கும் விடவில்லை என்றேன். உறையில் உன் விலாசம் எழுதும்போது அத்தான் பெயரை எட்டிப் பார்த்து, "கோபாலசாமிங்கிறதுக்கு இங்கிலீஷ்ல இத்தனை எழுத்தா ஆச்சி? நடுவுல யூ எதுக்கு, டபிள்யூ எதுக்கு?" என்கிறான். அத்தான் கையெழுத்து அப்படித்தான், உன் பெரிய ஆச்சி கல்யாணத்திலிருந்து நான் அப்படித்தான் எழுதுகிறேன் என்று சொன்னேன்.

திருக்கல்யாணத்தன்று மணி எல்லாம் யார் பார்த்தார்கள் அக்கா? எனக்கு அன்று கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுதாராணி


கோவில்பட்டி
22-12-2024

அன்புள்ள சுதாவுக்கு,

இரண்டு நாளாக இங்கே தூறல். கரிசல் மண் செருப்போடு சேர்ந்து வீடுவரை வருகிறது. மற்றபடி நலம். யோகராஜுக்கு நீ எழுதவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ப்ரியாவுக்கு மோர் மட்டும் இறங்குகிறது என்பதை உன் கடிதத்தில் படித்து அறிந்தேன். இங்கே மாடியில் இருக்கிறாள். கேட்டால், "நல்லா இருக்கேன் அத்தை" என்கிறாள். உன்னைச் 'சின்னத்தை' என்று அவள் கூப்பிடும் குரலில் ஒரு குழைவு உண்டு. என்னை அத்தை என்பதில் அது கிடையாது. உனக்கு எதனால் அது கிடைத்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். தூரத்தில் இருக்கிறவர்களிடம் பிரியமாக இருப்பது சுலபம்.

புதுக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டைச் செய்து கொடுத்த மாயகிருஷ்ணன் என்பவர் மதுரையிலிருந்து வந்திருந்தார். ப்ரியா எல்லோரையும் கூட்டி உட்கார வைத்தாள். கம்ப்யூட்டர் படித்தவள் அல்லவா, இனி நிர்வாகம் அவள் கையில். மருந்துக் கவுண்ட்டரில் இருப்பவர் மருந்துச் சீட்டை மட்டும் பார்க்கலாம். கணக்கில் இருப்பவர் பில்லை மட்டும். பரிசோதனை முடிவு, பார்க்கும் டாக்டருக்கு மட்டும். எழுந்து போனால் திரையைப் பூட்ட வேண்டும். ஒருவர் கடவுச்சொல்லை இன்னொருவர் கேட்கக் கூடாது. வேலைக்குத் தேவையில்லாததை ஆவலுக்காகத் திறந்தால் வேலை போகும். நல்ல விதிகள்தான். சுவரில் ஒட்டியதில் 'கடவுசொல்' என்று அடித்திருந்தது. பேனாவால் ஒற்றுப் போட்டேன். ப்ரியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, உங்க பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரியுமா?" என்று மாயகிருஷ்ணன் கேட்டார். கவனித்தாயா, பெரியம்மா. அங்கே நாற்பது வருஷமாக நான்தான் 'அம்மா'. இப்போது 'அம்மா' என்றால் ப்ரியா திரும்பிப் பார்க்கிறாள்.

"தெரிய வழியே இல்லை. அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னதே கிடையாது" என்றேன்.

கவுண்ட்டர் சுகுணா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏட்டி, என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்க வாயால சொல்லாத சொல்லு ஊருலயே ஒண்ணுதான இருக்கு. அவிய பேரு. அதத்தான வச்சிருக்கீய?"

எல்லோரும் சிரித்தார்கள். யோகராஜ்கூட. அவன் அப்பா பெயர் அது.

மற்றவர்கள் பிறந்த நாளையும் சாமி பெயரையும் வைப்பார்கள், யாராவது கண்டுபிடிப்பார்கள். நான் உதட்டில் வராத பெயராகப் பார்த்து வைத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொன்னதில்லை, அவர்கள் போன பிறகும் சொன்னதில்லை. இதைவிடப் பத்திரமான இடம் உண்டா என்று இருந்தேன். சொல்லாமல் இருந்ததே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

ஆனால் ஒன்று. எல்லோருக்கும் தெரியும் என்றால், யார் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம். அது எனக்கு நல்லதுதான். நீ மணியை மட்டும் எழுது.

சொர்ணத்தாய்


கோயம்புத்தூர்
9-1-2025

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். கடைக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் பதில் தள்ளிப் போய்விட்டது. பொங்கலுக்கு மஞ்சள்கொத்து வாங்க ஆள் இருக்கிறார்களா அங்கே?

சுகுணா சொன்னதைப் படித்து நானும் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே.

ப்ரியா உன்மேல் கோபமாக இல்லை அக்கா. அவளுக்குப் பயம்தான். முதல் மூன்று மாதத்தில் ஏதாவது ஆகிவிட்டால் ஊருக்கு எப்படிப் பதில் சொல்வது என்ற பயம். அதனால்தான் சொல்லவில்லை. எனக்கும் அவளாகச் சொன்னது கார்த்திகை பிறந்த பிறகுதான்.

எனக்கு ஆபரேஷன் ஆன வருஷம் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தேன். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று எனக்கு மயக்கம் தெளியும் முன்னே நம் அம்மாவுக்குத் தெரியும், என் மாமியாருக்குத் தெரியும். கோப்பு அலமாரிச் சாவி உன் இடுப்பில் இருந்தது. கான்வென்ட்டில் என் மார்க்கைக்கூட மதர் உன்னைக் கூப்பிட்டுத்தான் முதலில் சொல்வார். என்னைப் பற்றிய எதுவும் உன்னைச் சுற்றித்தான் எனக்கு வந்து சேரும். ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று, உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்திருக்காதா என்று இருக்கும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பொங்கல் நன்றாக நடக்கட்டும்.

சுதாராணி


கோவில்பட்டி
18-1-2025

அன்புள்ள சுதாவுக்கு,

பொங்கல் பொங்கியது. ப்ரியா இரண்டு வாய் சாப்பிட்டாள். நலம்.

ஆபரேஷன் விஷயத்தை எழுதியிருக்கிறாய். அம்மா வாசலில் நின்று கதறிக்கொண்டிருந்தார். நான் சொல்லாமல் யார் சொல்வது? அதற்குப் பெயர் பரிவு. இந்த நாள்வரை நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருந்தாய் என்பதை இப்போது குறித்துக்கொள்கிறேன்.

என் காரியத்துக்கு வருகிறேன். அது மோசமாகிவிட்டது.

எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே, யாரோ புகுந்திருக்கிறார்கள் என்று மாயகிருஷ்ணனிடம் சொன்னேன். அவர் திரையைக் காட்டினார். தவறாக அடித்த முயற்சிகளையும் அந்த மெஷின் குறித்து வைக்கிறது. சுகுணா ஒரு முறை முயன்று பார்த்திருக்கிறாள், கழுதை. ஆஸ்பத்திரி போர்டில் அவர்கள் பெயர் உள்ளபடி அடித்திருக்கிறாள், மெஷின் ஏற்கவில்லை. புதுக் கட்டடம் கட்டியபோது யோகராஜ் போர்டில் எழுத்தைச் சுருக்கிவிட்டான் அல்லவா? நான் வைத்திருந்தது அவர்கள் கையெழுத்துப் போட்டபடி. பாவில் ஒரு யூ, சாவில் ஒரு டபிள்யூ. திருக்கல்யாணத்தன்று உட்கார்ந்தவர் முதல் தடவையிலேயே சரியாக அடித்திருக்கிறார்.

"இப்படி எழுதுதது உலகத்துலயே நீங்க ஒரு ஆளுதாம்மா" என்றான் யோகராஜ். நானும் ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொன்ன பிறகுதான் அது என்ன என்று புரிந்தது.

அவன் குரலைத் தாழ்த்தி, "வயசாச்சுன்னா செஞ்சது மறந்து போகும்மா. தப்பில்ல. திருநெல்வேலில ஒரு டாக்டரம்மா இருக்காங்க, பார்த்துட்டு வருவோம்" என்றான். அதாவது நான் திறந்து பார்த்துவிட்டு, பார்த்ததை மறந்துவிட்டேன். என் அறையும் நாற்காலியும் அந்த டாக்டரம்மா சொல்லப் போவதைப் பொறுத்து இருக்கின்றன.

சுதா, பத்து மணிக்கு நான் கிளம்பினேன். பச்சைக்கரை போட்ட வெள்ளைப் புடவை. நீ கட்டிலில் இருந்தபடி, "எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டு வா" என்றாய். இதை மட்டும் எழுதிப் போடு.

சொர்ணத்தாய்


கோவில்பட்டி
10-2-2025

அன்புள்ள சுதாவுக்கு,

என் முன்கடிதம் கிடைத்திருக்கும். பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று ப்ரியா போனில் பேசுவதைக் கொண்டு அறிகிறேன். நேற்றும் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். படியேறிப் போய் என்னவென்று கேட்கலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

திருநெல்வேலிக்குப் போய் வந்தோம். இன்று என்ன கிழமை என்று கேட்டார். கிழமையோடு தமிழ்த் தேதியையும் சொன்னேன். கடிகாரம் வரையச் சொன்னார். ரோமன் எண்ணில் வரைந்தேன். நாலுக்கு நான்கு கோடு போட்டதைத் தவறு என்று குறிக்கப் போனார். பழைய கடிகாரங்களில் அப்படித்தான் இருக்கும், போய்ப் பாருங்கள் என்றேன். சிரித்துவிட்டு, இந்த வயதுக்கு இவ்வளவு தெளிவு அபூர்வம் என்று எழுதிக் கொடுத்தார்.

காரில் வரும்போது பெருமையாக இருந்தேன். கயத்தாறு தாண்டியதும் யோகராஜ் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஞாபகம் நல்லாத்தான இருக்கு. அப்ப தெரிஞ்சேதான் பார்த்திருக்கீங்க. பார்த்தேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. ஏம்மா பொய் சொல்லுதீய?"

மறதி இருந்தால் பைத்தியம், இல்லாவிட்டால் பொய்க்காரி. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

நீ பேசாமல் இருக்கிறாய்.

சொர்ணத்தாய்


கோயம்புத்தூர்
19-2-2025

அன்பு அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதங்கள் வந்தன. எனக்கு அன்று நடந்தது சரியாக நினைவில் இல்லை. கோயிலுக்கு நீ எப்போது போனாய் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தப்பாகச் சொல்லி மாட்டிவிடக் கூடாது அல்லவா?

நம் வயதில் எல்லோருக்கும் இப்படி ஒன்றிரண்டு நழுவும். ஒருவேளை நீ கிளம்பும் முன் ஒரு நிமிஷம் பார்த்திருப்பாய். பெற்றவள்தானே, பார்த்தால் என்ன? அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விட்டுவிடு.

சுதாராணி


கோவில்பட்டி
26-2-2025

அன்புள்ள சுதாவுக்கு,

உன் கடிதம் வந்தது. உறையையும் பார்த்தேன்.

என் அனுமதியை எடுத்துவிட்டார்கள். மெஷினைத் தொட்டால், உங்களுக்கு உரிமை இல்லை என்று சிவப்பில் வருகிறது. என் அறையில் ஸ்கேனுக்குக் காத்திருப்பவர்களை உட்கார வைக்கப் போகிறார்களாம். நாற்காலி வீட்டுக்கு வந்துவிட்டது. நல்ல தேக்கு.

ப்ரியாவுக்கு ஏழாம் மாதம், பங்குனிக் கடைசியில் வளைகாப்பு. முதல் வளையல் நீ போட வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். புருஷன் இருக்கிறவள்தான் போட வேண்டும் என்பது முறை. முறைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அவர்கள் உயிரோடு இருந்திருந்தாலும் அவள் உன்னைத்தான் கேட்டிருப்பாள். அது எனக்கு எரிகிறது. எரியவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். ஏற்கெனவே பொய்க்காரி என்று பெயர் வாங்கியாகிவிட்டது.

உனக்கு வேறு ஏதாவது எழுதத் தோன்றினால் எழுது.

சொர்ணத்தாய்


கோயம்புத்தூர்
20-3-2025

அன்பு அக்காவுக்கு,

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. இவருக்கு இருமல் போய் முதுகுவலி வந்திருக்கிறது.

வளைகாப்புக்கு நாங்கள் இரண்டு நாள் முன்னதாகவே வருகிறோம். மீனாட்சியம்மாளும் கழுகுமலையிலிருந்து வருகிறார். ப்ரியாவுக்குப் பச்சையும் சிவப்பும் கலந்து கண்ணாடி வளையல் எடுத்திருக்கிறேன். அளவு அவளிடமே கேட்டுக்கொண்டேன். உனக்கு ஒரு நல்ல கைத்தறிப் புடவை எடுத்தேன், சாம்பல் நிறம். உனக்குப் பிடிக்கும்.

பழையதைப் பேசி நல்ல நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் அக்கா.

சுதாராணி


கோவில்பட்டி
27-3-2025

அன்புள்ள சுதாவுக்கு,

உன் வீட்டுக்காரரின் முதுகுக்கு உளுந்தங்களி கொடு. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார்.

உன் கடிதங்களை ஓரத்தில் கத்தரித்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு, உறையைப் போட்டுவிடுவது என் வழக்கம். மேலே எழுதியிருக்கும் விலாசத்தை நான் படிப்பதில்லை. என் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும், அந்த எழுத்தின் கோலமும் கண்ணுக்குப் பழகியது. பிப்ரவரியில் உன் கடிதம் வந்தபோது, யாருக்கோ வந்தது என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். "உங்களுக்குத்தாம்மா. டாக்டர் பேரு போர்டுல இருக்க மாதிரிதான எழுதியிருக்கு" என்றார்.

கல்யாணப் பத்திரிகை உறைகளை நீதான் உட்கார்ந்து எழுதினாய். அன்றிலிருந்து ஜனவரிவரை உன் ஒவ்வொரு உறையிலும் பாவில் யூ இருந்தது, சாவில் டபிள்யூ இருந்தது. பேரன் கேலி செய்தான் என்றுகூட எழுதினாய். அப்போது அது என் மண்டையில் ஏறவில்லை. உலகத்திலேயே நான் ஒருத்திதான் அப்படி எழுதுகிறேன் என்று ஜனவரியில் உனக்கு எழுதினேன். அதற்கு அடுத்த உறையில் யூவும் இல்லை, டபிள்யூவும் இல்லை. இந்த மாத உறையிலும் இல்லை.

யோகராஜிடம் நான் சொல்லவில்லை. நீ அன்று என் அறையில் இருந்ததையும் சொல்லவில்லை. ப்ரியாவுக்கு இந்தக் குடும்பத்தில் வாய்விட்டுப் பேச இருப்பவள் நீ ஒருத்திதான். அதையும் பறித்தவள் நான் என்று ஆக வேண்டாம். அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது. வா. முதல் வளையல் போடு. சாம்பல் நிறப் புடவையை உடுத்திக்கொண்டு நான் பின்வரிசையில் இருப்பேன்.

எனக்கு முன்னால் ஒன்று உனக்குத் தெரிய வேண்டும் என்றாய். தெரிந்துகொண்டாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக இதைக் கேட்கவில்லை.

மகன் சொல்கிறான், மருமகள் பேசாமல் இருக்கிறாள், மெஷின் சொல்கிறது, கூடப் பிறந்தவள் நீயும், 'பார்த்திருப்பாய்' என்று எழுதிவிட்டாய். எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லச் சொல்ல, அந்தத் திரைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருப்பதுபோல எனக்கே சில சமயம் தோன்றுகிறது. பச்சைக்கரைப் புடவையோடு உட்கார்ந்திருக்கிறேன். விரல் யூவைத் தேடுகிறது. இல்லாத ஞாபகம் ஒன்று எனக்குள் வளர்கிறது. டாக்டரம்மா கொடுத்த தாள் அதற்கு உதவவில்லை.

ஆகையால், வளைகாப்புக்கு வரும் முன் ஒரு வரி எழுதிப் போடு. அன்று என் மெஷினைத் திறந்தது யார் என்று. யாரிடமும் காட்ட மாட்டேன். நேரில் சொல்ல வேண்டாம், போனிலும் வேண்டாம். உன் கையால் எழுது. உறையின்மேல் அவர்கள் பெயரைப் பழையபடி எழுது.

உன் அக்கா,
சொர்ணத்தாய்